கால்மிதி வாசலில் கிடக்கட்டும்

“கால் அறை போதவில்லை என்றால் கால்மிதியை முன்னால் நகர்த்துங்கள்.” மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களும் காணொளியில் பேசுகிறவர்களும் இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை எப்படியும் சொல்லிவிடுகிறார்கள். ஒரு தடவை கேட்டால் சிரிக்கலாம். கேட்டுக் கேட்டு இப்போது எரிச்சல்தான் மிச்சம். வண்டியே தெரியாத ஒருவர் இதைப் படித்தால், வீட்டில் ஏதோ ஒரு சின்ன அறையில் கிடக்கும் மிதியடியைத் தள்ளிப் போடச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

சொல்ல வந்தது என்னவோ எளிய விஷயம். இருக்கைக்கும் கால் வைக்கும் கட்டைக்கும் நடுவே தூரம் குறைவாக இருந்தால் முழங்கால் அதிகமாக மடங்குகிறது, வலிக்கிறது. அந்தத் தூரத்தைக் கூட்ட வேண்டும். அந்தத் தூரம் ஆங்கிலத்தில் ‘லெக்ரூம்’, அந்தக் கட்டை ‘ஃபுட்பெக்’.

வேர் ஆராய்ச்சியைச் சட்டென்று முடித்துவிடலாம். ‘ரூம்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் இடம், வெளி என்றுதான் பொருள். நான்கு சுவருக்கு நடுவே இருக்கும் அறை என்ற பொருள் பிறகு வந்தது. ஜெர்மன் மொழியின் ‘ரவும்’ இதற்கு உறவு. ‘லெக்ரூம்’, ‘ஹெட்ரூம்’ இரண்டிலும் அந்தப் பழைய பொருள்தான் உயிரோடு இருக்கிறது. ‘பெக்’ என்பது மரமுளை. மாடு கட்ட அடிக்கிறோமே, அந்த வகை. சட்டத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைக் கம்பிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஊர் மெக்கானிக் கடையில் யாரும் பெக் என்று சொல்வதில்லை, ஃபுட்ரெஸ்ட்தான்.

‘கால் அறை’யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அகராதியில் ‘ரூம்’ என்று தேடி, முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டிய வேலை. தமிழில் கால் என்றால் நாலில் ஒரு பங்கு, அறை என்றால் கன்னத்தில் விழுவது. கால் அறை வாங்கியவன் மிச்சம் முக்கால் அறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இதைத் திருத்தப் புறப்பட்ட ஒரு கூட்டம் ‘கால் இடைவெளி’ என்று எழுதுகிறது. கால்களுக்கு இடைவெளி விட்டு நில் என்று உடற்பயிற்சி ஆசிரியர் சொன்னதை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. இரண்டு காலுக்கும் நடுவில் இருப்பதுதான் கால் இடைவெளி. மோட்டார் சைக்கிளில் அந்த இடத்தில் இருப்பது வண்டியேதான்.

என் உண்மையான சண்டை ‘கால்மிதி’யோடு. ஏனென்றால் அது பார்க்க நல்ல தமிழாக இருக்கிறது. தூய தமிழ் ஆர்வலர்கள் விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள். முதல் குறை எல்லோருக்கும் தெரிந்தது: கால்மிதி என்பது வாசலில் கிடக்கும் விரிப்பு. தேங்காய் நாரில் வரும், பழைய துணியில் வரும். ஆனால் ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமப்பது தமிழுக்குப் புதிதில்லை. அந்த ஒரு காரணத்துக்காக அதைத் தள்ள மாட்டேன். இரண்டாவது குறைதான் பெரிது. அதைப் புரிந்துகொள்ள வண்டியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட பி.ஆர்.பி. நிறுவனம் 2007-இல் கேன்-ஆம் ஸ்பைடரை அறிமுகம் செய்தது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. சாதாரண மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி இதில் ஏறுபவருக்கு முதல் ஆச்சரியம், கைப்பிடியில் பிரேக் நெம்புகோலே கிடையாது. மூன்று சக்கரத்துக்கும் சேர்த்து வலது காலுக்குக் கீழே ஒரே ஒரு மிதிதான். அரைத்தானியங்கி வகையில் கியர் மாற்றுவதும் இடது கை விரல் வேலையாகிவிடுகிறது. இடது காலுக்கு ஒரு வேலையும் இல்லை. நிறுத்தும்போது தரையில் கால் ஊன்ற வேண்டியதும் இல்லை, வண்டி சாயாமல் தானாக நிற்கும். இருசக்கர வண்டிக்காரருக்கு ஒவ்வொரு சிக்னலிலும் கால் இறங்கி ஏறும், முழங்காலுக்கு ஒரு அசைவு கிடைக்கும். இங்கே காலை எடுத்து வைத்த இடத்திலேயே மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கால் வசதியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். வலது காலுக்குப் பக்கத்தில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று அழுத்தினால் இறங்கும், வண்டியை நிறுத்தும். இன்னொன்று எவ்வளவு அழுத்தினாலும் அசையாது, அசையவும் கூடாது. இரண்டையும் ‘மிதி’ என்றே கூப்பிட்டால்? “கால்மிதியை நகர்த்தினால் மிதியையும் நகர்த்துங்கள்” என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒருவர் ஸ்பானரைக் கையில் எடுக்கிறார் என்று வையுங்கள். இந்தக் குழப்பம் வெறும் இலக்கணக் குழப்பம் இல்லை. கட்டையை மட்டும் முன்னால் கொண்டுபோய்விட்டுப் பிரேக் மிதியைப் பழைய இடத்திலேயே விட்டால், பாதத்தைத் தூக்கிப் பின்னால் இழுத்துத்தான் பிரேக் போட முடியும். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடிவிடும்.

அதனால்தான் 2014-இல் வந்த ஸ்பைடர் எஃப்3 வகையில் ‘யூ-ஃபிட்’ என்று ஓர் ஏற்பாடு வைத்தார்கள். ஓட்டுபவரின் உயரத்துக்கு ஏற்ப, கால் வைக்கும் கட்டையை ஐந்து இடங்களில் ஒன்றில் பொருத்தலாம். பிரேக் மிதியும் அதற்கு ஏற்ப இடம் மாறும். கைப்பிடியும் அப்படியே. அதே நிறுவனம் 2018-இல் அறிமுகம் செய்த ரைக்கர் என்ற மூன்று சக்கர வண்டியில் இதற்குக் கருவியே வேண்டாம், கையாலேயே நகர்த்தலாம். கட்டையும் மிதியும் வேறு வேறு, ஆனால் சேர்ந்து நகர வேண்டியவை. இந்த உறவைச் சொல்ல முடியாத கலைச்சொல் எதற்கு?

கால்மிதிக் கட்சிக்காரர்களுக்கு ஒரு பதில் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மிதித்தல் என்றால் அழுத்தி இறக்குவது மட்டும்தானா? ‘புல்லை மிதிக்காதே’ என்கிறோம், ‘வாசல்படி மிதிக்க மாட்டேன்’ என்கிறோம். கால் படுவதெல்லாம் மிதிதான் என்பார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வண்டியில் ஏறியவுடன் அந்தச் சொல் சுருங்கிவிடுகிறது. மிதிவண்டியில் மிதிப்பது எதை? சுழலும் கட்டையை. பிரேக்கை மிதி, கிக்கரை மிதி, கிளட்ச்சை மிதி. பின்னால் உட்கார்ந்திருப்பவர் பதறி “மிதி, மிதி!” என்று கத்தினால் யாரும் கட்டையைத் தேட மாட்டார்கள். வண்டிக்குள் மிதி என்பது ஒரு பெயர், கூடவே ஒரு கட்டளை. அசையாத பொருளுக்கு அதைக் கொடுத்தால் கட்டளையின் கூர்மை போய்விடும்.

எனவே என் முடிவு, வண்டியில் அழுத்தினால் அசைவது மிதி, காலைத் தாங்குவது தாங்கி. ஃபுட்பெக் ‘கால்தாங்கி’. தாங்கி நமக்குப் புதிதா என்ன? சுமைதாங்கிக் கல் சாலையோரமெல்லாம் நின்றது. பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நட்டு வைக்கும் வழக்கமும் இருந்தது. கட்டிடத்து உச்சியில் இடிதாங்கி இருக்கிறது. இரண்டும் அசையாமல் நின்று ஒன்றை ஏற்றுக்கொள்பவை. கால்தாங்கி செய்வதும் அதையேதான். பாலிடெக்னிக் புத்தகங்களில் பேரிங்குக்குத் ‘தாங்கி’ என்று போட்டிருக்கிறார்களே, குழம்பாதா என்று கேட்கலாம். முன்னால் கால் நிற்கிறது, குழம்பாது. தவிர, பேரிங்கைப் பேரிங் என்று சொல்லாத மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை.

‘ஃபுட்ரெஸ்ட்’ என்பதைப் பிடித்துக்கொண்டு ‘ஓய்வுக்கட்டை’ என்று போடுபவர்களும் உண்டு. கால் அங்கே ஓய்வாகவா இருக்கிறது? ஸ்பைடர் வளைவில் சாயாது. இருசக்கர வண்டி சாய்ந்து சமாளிப்பதை இங்கே ஓட்டுபவரின் உடம்பு சமாளிக்க வேண்டும். இடது பக்கம் திரும்பினால் உடம்பு வலது பக்கம் தள்ளப்படும். வலது காலை அழுத்தி ஊன்றினால்தான் இருக்கையில் நிலையாக உட்கார முடியும். காலை நன்றாக நீட்டும்படி கட்டையை ரொம்பவும் முன்னால் கொண்டுபோனால் நேர்ச்சாலையில் சுகமாக இருக்கும், வளைவில் ஊன்றப் பிடிமானம் இருக்காது. நீட்டுவதற்கும் ஊன்றுவதற்கும் நடுவில் ஓர் இடம் தேட வேண்டும். ஓய்வுக்கட்டை என்ற சொல் இதில் பாதியை மறைத்துவிடுகிறது.

தூய்மைவாதி நண்பர் ஒருவர் வேறு பக்கமாக வந்தார். கால் என்றால் தொடையிலிருந்து எல்லாம் சேர்ந்துவிடும், ‘ஃபுட்’ வேறு, ‘லெக்’ வேறு என்றார். ‘பாதந்தாங்கி’ என்று வைக்கலாமே என்றால் பாதம் வடசொல்லாம். அப்போது ‘அடிதாங்கி’யா? அது வேறு மாதிரியான ஆளின் பெயர். ஆங்கிலம் இரண்டாகப் பிரித்ததால் நாமும் பிரித்தே தீர வேண்டும் என்பதில்லை. செருப்புக் கடித்தாலும் கால் வலிதான், முட்டி தேய்ந்தாலும் கால் வலிதான். எங்கே என்று கேட்டால் கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால் என்று துல்லியமாகச் சொல்ல நம்மிடம் சொல் இருக்கிறது.

அடுத்தது பலகை, ஆங்கிலத்தில் ‘ஃப்ளோர்போர்டு’. ஹார்லி-டேவிட்சன் 1932 முதல் 1973 வரை செர்வி-கார் என்ற மூன்று சக்கர வண்டியைச் செய்தது. அமெரிக்க ஊர்களில் போக்குவரத்துப் போலீஸ் அதில்தான் சுற்றியது. அதே நிறுவனத்தின் இப்போதைய மூன்று சக்கர வண்டியான டிரை கிளைடில் ஓட்டுபவருக்கு முளை இல்லை, முழுப் பாதத்தையும் வைக்க அகலமான பலகை இருக்கிறது. 2020-இல் புதுப்பித்த ஸ்பைடர் ஆர்.டி.யிலும் நீளமான பலகை வந்தது. பலகையின் லாபம், பாதத்தை முன்னும் பின்னும் நகர்த்தி முழங்காலின் கோணத்தை அடிக்கடி மாற்றிக்கொள்ளலாம். இதைத் ‘தரைப்பலகை’ என்று எழுதுவது, வண்டிக்கு யாரோ மரத்தளம் போட்ட மாதிரி இருக்கிறது. ‘கால்பலகை’ போதும். பஸ் ஃபுட்போர்டு படிக்கட்டாகவே இருக்கட்டும், அதில் கை வைக்க மாட்டேன்.

‘ஹைவே பெக்’ என்று ஒன்று உண்டு. முன்பக்கப் பாதுகாப்புக் கம்பியில் கூடுதலாக மாட்டும் தாங்கி. நீண்ட நேர்ச்சாலையில் காலை நீட்டி வைக்க. ‘நெடுஞ்சாலை முளை’ என்று இதற்கு ஒரு மொழிபெயர்ப்பைப் பார்த்தேன். தாரைப் பிளந்துகொண்டு ஏதோ முளைத்துவிட்டது போலிருக்கிறது. ‘நீட்டுத்தாங்கி’ என்றால் காரியம் விளங்கும். மொழிபெயர்ப்பாளர் மறந்துவிடும் எச்சரிக்கை ஒன்றும் இதோடு சேர்ந்தது: கையில் பிரேக் இல்லாத வண்டியில் வலது காலை நீட்டுத்தாங்கியில் போட்டுவைத்தால் பிரேக் மிதி வெகுதூரத்தில் இருக்கும். டிரை கிளைடில் கையிலும் பிரேக் உண்டு, அங்கே நிலைமை வேறு. ஆனால் பின்னால் இரண்டு சக்கரம் உள்ள அந்த வகையில், ஓடும்போது பழக்கதோஷத்தில் காலைத் தரையில் இறக்கினால் பின்சக்கரம் ஏறிவிடும்.

‘மூன்று சக்கர வண்டி’ என்ற பெயரே தமிழில் ஒரு தனிச் சிக்கல். தமிழ்நாட்டில் அது ஆட்டோ. இலங்கையில் முச்சக்கர வண்டி என்றாலும் அதுவே. ‘முச்சக்கர வண்டியில் கால் வசதி’ என்று தலைப்பு வைத்தால், பின்சீட்டில் நாலு பேர் நெருக்கி உட்காருவதைப் பற்றி என்று வாசகர் நினைப்பார். மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழ்நாடு அரசு கொடுக்கும் வண்டியை ‘இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர்’ என்று எழுதுகிறார்கள். நீளம்தான், ஆனால் பார்த்ததைச் சொல்கிறது. ஸ்கூட்டரை ஸ்கூட்டர் என்றே விட்டதற்கும் அந்த அதிகாரியைப் பாராட்ட வேண்டும். நானும் ‘மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்’ என்றே எழுதுகிறேன்.

லெக்ரூமுக்கு என்ன சொல்? ஓடும் வாக்கியத்தில் ‘கால் நீட்ட இடம்’ போதும். “இதில் கால் நீட்ட இடம் இல்லை” என்றால் புரியாத தமிழர் கிடையாது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதால் தமிழிலும் ஒட்டவைத்த ஒரே சொல்லாக வேண்டும் என்ற பிடிவாதம்தான் பல கலைச்சொற்களைக் கெடுக்கிறது. அளவுப் பட்டியலில் சின்னதாக வேண்டும் என்றால் ‘கால்நீட்டம்’ என்று போடலாம், அளப்பது நீளத்தைத்தானே. தாங்கியை முன்னால் தள்ளினாலும் கால்நீட்டம் கூடும், தடித்த மெத்தை போட்டு இருக்கையை உயர்த்தினாலும் கூடும். இருக்கையைப் பின்னால் நகர்த்தினாலும் கூடும். ஆனால் கைப்பிடி எட்டாமல் போகும், அதையும் பின்னால் இழுக்க வேண்டியிருக்கும்.

உடம்புக்குப் பொருந்தும்படி பொருளை அமைப்பது என்று இதையெல்லாம் சேர்த்துச் சொல்லும் ‘எர்கனாமிக்ஸ்’ இருக்கிறதே, அதற்குப் ‘பணிச்சூழலியல்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. தொழிற்சாலைக்கு ஒருவேளை பொருந்தும். மோட்டார் சைக்கிளுக்கு அதை எடுத்து ‘சவாரிப் பணிச்சூழலியல்’ என்று எழுதியவர் எந்த வேலைக்கு எங்கே போகிறார் என்று தெரியவில்லை. அரிவாளோ மண்வெட்டியோ பிடித்தவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: வாட்டம். “பிடி கைக்கு வாட்டமாக இல்லை” என்பார்கள். “இந்த இருக்கை காலுக்கு வாட்டமாக இருக்கிறது” என்று எழுதிப் பாருங்கள். வாட்டம் என்றால் சோர்வும்தானே என்பார்கள். ‘அவன் வாட்டமாக இருக்கிறான்’ என்றால் சோர்வு, ‘அவனுக்கு வாட்டமாக இருக்கிறது’ என்றால் வசதி. நான்காம் வேற்றுமை நடுவில் நிற்கிறது, அது பார்த்துக்கொள்ளும்.