பொறுப்புக்கூறல்

இலங்கைத் தமிழ் ஏடுகளில் அன்றாடம் அடிபடும் ‘பொறுப்புக்கூறல்’ என்ற சொல், ஆங்கிலத்தின் ‘அக்கவுண்டபிலிட்டி’க்கு ஈடாக ஆக்கப்பட்டது, தமிழகத்தில் இதைப் ‘பொறுப்புடைமை’ என்றும் எழுதுவர். ஆங்கிலச் சொல்லின் வேர், கணக்கிடுதலைக் குறிக்கும் ‘கொம்புட்டாரே’ என்னும் இலத்தீன் வினை. நமது சொல்லின் வேரோ தாங்குதல், சுமத்தல் எனப் பொருள்படும் ‘பொறு’. கணக்கு என்ற கூறு இதில் விடுபட்டுப்போனது, விவிலியத் தமிழில் ‘கணக்கொப்புவித்தல்’ என்ற நேரான சொல் இருந்தும்.

அந்தக் கூறு என்னவென்று மலையகத் தோட்டத்து மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. சம்பளத்தன்று அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி மட்டும், விழுந்திருந்தால் தொழிலாளி கேட்பார். கணக்கப்பிள்ளை வேலைக்கு வந்தோர் பதிவேடான செக்ரோலைப் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும். ‘பொறுப்பேற்றல்’ ஒருவர் தாமாகச் செய்வது. பொறுப்புக்கூறலுக்கோ கேட்பவரும் பதிவும் வேண்டும்.

தேர்தலில் பொய் சொன்னவரை அடுத்த தேர்தலில் கேட்கலாம். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி ‘மக்கள் தீர்ப்பு’ என்றும், நாளேடுகள் ‘சர்வஜன வாக்கெடுப்பு’ என்றும் குறிக்கும், ஒரு கேள்விக்கு மக்கள் நேரடியாக ஆம், இல்லை என வாக்களிக்கும் நிகழ்விலோ வேட்பாளர் இல்லை. கேள்வி ஒருமுறை முன்வைக்கப்பட்டு முடிந்துவிடுகிறது. பிரித்தானியாவில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது பற்றிய 2016 வாக்கெடுப்பின்போது, அவ்வொன்றியத்துக்கு வாரந்தோறும் 350 மில்லியன் பவுண் அனுப்பப்படுவதாகச் செய்யப்பட்ட பிரசாரத்தை அந்நாட்டுப் புள்ளிவிவர அதிகாரசபை தவறாக வழிநடத்துவதெனக் கண்டித்தது. ஆயினும் அதன் பேரில், விலகலுக்காகப் பிரசாரம் செய்த பொரிஸ் ஜோன்சனுக்கு எதிராகத் தனியார் தொடுத்த வழக்கின் அழைப்பாணையை 2019 இல் உயர் நீதிமன்றம் நீக்கியது.

நம் நாட்டின் ஒரே மக்கள் தீர்ப்பு 1982 டிசம்பர் 22 அன்று, பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டலாமா என்ற கேள்வியில், ‘ஆம்’ என்ற விளக்குச் சின்னத்துக்கும் ‘இல்லை’ என்ற குடச் சின்னத்துக்கும் இடையே நடந்தது. எதிர்க்கட்சிக்குள் ‘நக்சலைட்’ குழுவொன்று வன்முறைச் சதி தீட்டுவதாக ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன கூறினார், அதன் பேரில் கைதான, எதிர்க்கட்சியைச் சேர்ந்த நடிகர் விஜய குமாரதுங்க பின்னர் குற்றச்சாட்டு எதுவுமின்றி விடுவிக்கப்பட்டார். விளக்கு சுமார் 54.7 சதவீதம் பெற, 1983 இல் முடியவேண்டிய பாராளுமன்றத்தின் ஆயுள் 1989 ஆகஸ்ட் வரை நீண்டது. கணக்குக் கேட்கப்படவேண்டியவர்கள் கேட்கப்படும் நாளையே தள்ளிப்போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் இதில் உறுத்துவது. அந்த வாக்கெடுப்பின் முறைகேடுகளைச் சுட்டிய தேர்தல் ஆணையாளரின் அறிக்கை 1987 இல்தான் வெளிவந்தது. மலையகத்திலோ, 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த பெருந்தொகையினருக்கு அன்று வாக்கே இல்லை. அவர்கள் கேட்கும் இடத்திலேயே வைக்கப்படவில்லை.

வேரூன்றிவிட்ட ‘பொறுப்புக்கூறல்’ என்பதை விலக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் வாக்கெடுப்புக் காலப் பொய்த் தகவலைப் பற்றி எழுதுகையில் ‘கணக்கொப்புவித்தல்’ பொருத்தமானது. ‘தலைவர்கள் பொறுப்புக்கூற வேண்டும்’ என்று பொதுவாக நிறுத்தாமல், எந்தக் கூற்றுக்கு, யாரிடம், எந்தப் பதிவைக் காட்டி என்று எழுதும்படி அச்சொல் நம்மைக் கேட்கும்.