முதலில் செக்கிங் டேபிளுக்கு வாங்க

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் உற்பத்தியைச் சீராக்கும் வேலை என்னுடையது. புதிதாகக் கூப்பிடும் முதலாளிகள் பெரும்பாலும் கேட்பது, "நம்ம யூனிட்டுக்கு எது போடலாம் சார்? ஃபைவ் எஸ்ஸா, லீனா, சிக்ஸ் சிக்மாவா?" என்றுதான். மூன்றும் உற்பத்தியைச் சீராக்கும் முறைகள்: ஃபைவ் எஸ் வேலையிடத்தை ஒழுங்குபடுத்துவது, லீன் வீணைக் குறைப்பது, சிக்ஸ் சிக்மா அளந்து கணக்கிட்டுக் கோளாறைக் குறைப்பது. அதை அப்புறம் பேசலாம் என்று சொல்லி, செக்கிங் டேபிளுக்குக் கூட்டிப் போவேன். ஆல்டருக்கு, அதாவது திருத்தித் தைக்க, ஒதுக்கிய பீஸ்களை இருவருமாகப் புரட்டிப் பார்ப்போம்.

வெள்ளைத் துணியில் எண்ணெய்க் கறை இருக்கும். எந்த மிஷினிலிருந்து வருகிறது என்பது செக்கிங் அக்காவுக்கே தெரியும். மெக்கானிக் ஆயில் சீலை மாற்றி, காலையில் கொஞ்ச நேரம் வேஸ்ட் துணியில் ஓட்டிவிட்டுத் தைக்கத் தொடங்கினால் போதும். இதற்கு எந்தப் பயிற்சி வகுப்பும் வேண்டாம்.

அளவு மாறிய பீஸ் அப்படியல்ல. ரோலில் இழுபட்ட பின்னல் துணியைப் பிரித்து ஆறவிடாமல் வெட்டினால், பிறகு சுருங்கும். ஆனால் கோளாறு கட்டிங் அவசரத்திலா, துணியை அழுத்திச் சுருக்கத்தைக் குறைக்கும் காம்பாக்டிங்கிலா, சாயப்பட்டறையில் ஒரே தடவை சாயமேற்றிய லாட்டிலா? லாட் வாரியாகச் சில வாரம் அளந்து எழுதினால்தான் பிடிபடும். இங்கே சிக்ஸ் சிக்மாக்காரர்களின் கணக்கு கைகொடுக்கும்.

ஒரு பண்டல் முழுக்கக் கழுத்து ரிப் பட்டை கோணலாக ஏறியிருந்தால், பண்டலைச் சிறிதாக்க வேண்டும். அடுத்த டைலர் கைக்குச் சீக்கிரம் போனால் தப்பும் சீக்கிரம் தெரியும். இது டொயோட்டா வழி; லீன் இதிலிருந்து வந்ததுதான். போருக்குப் பின் சரக்கைக் குவித்து வைக்கப் பணமில்லாத நிலையில் அவர்கள் வளர்த்தெடுத்தது. சிக்ஸ் சிக்மா 1980களில் மோட்டோரோலா தன் தரக் குறைகளோடு போராடியபோது உருவானது. அவரவர் தொல்லைக்கு அவரவர் தேடிய வழி.

தர மேலாண்மைக்காக 1951இல் ஜப்பானில் நிறுவப்பட்ட டெமிங் பரிசுக்கும் 'இந்த மாதிரியைத்தான் பின்பற்ற வேண்டும்' என்ற நிபந்தனை கிடையாது. நிறுவனம் தன் நிலையை உணர்ந்து, இலக்கையும் வழியையும் தானே வகுத்ததா என்றுதான் பார்க்கிறார்கள். இந்தியாவில் அதை முதலில் பெற்றது நம் சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998இல்.

முறையைவிட எனக்குப் பெரிய கவலை பீஸ் ரேட், அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று தரும் கூலி. ஒரு டைலர் வேகமான கைவழி ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். உற்பத்தி கூடியதும் ரேட்டைக் குறைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த லைனில் யாராவது வாய் திறப்பார்களா? ஒருவர் ஏமாந்ததை அடுத்த கம்பெனி வரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அதனால், "யோசனை சொன்னதற்காக ரேட்டில் கை வைக்க மாட்டோம்" என்று முதலாளியே லைனில் நின்று சொல்ல வேண்டும் என்பது என் முதல் நிபந்தனை. சூப்பர்வைசர் மூலம் சொல்லி அனுப்பினால் யாரும் நம்புவதில்லை. சொல்லப்பட்ட யோசனைக்கு அந்த வாரமே பதிலும் வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையாவது நேரில் சொல்லிவிட வேண்டும்.

இப்படிச் சொன்ன ஒரு யூனிட்டில், ஹெம்மை, அதாவது துணியின் ஓரத்தை, மடித்துக் கொடுக்கும் ஃபோல்டரைத் தன் வசதிக்குத் திருப்பி வைத்துக்கொண்டிருந்த பிளாட்லாக் மிஷின் டைலர் ஒருவர், பக்கத்து மிஷின்களுக்கும் அதைத் தானே பொருத்திக் கொடுத்தார். அங்கே இன்னும் ஃபைவ் எஸ் தொடங்கவில்லை. தொடங்கும்போது தையல் லைனில் அல்ல, லேபிள் போன்றவற்றை வைக்கும் டிரிம்ஸ் ஸ்டோரில் தொடங்குவோம். சைஸ் லேபிள் மாறிப்போவது அங்கேதான்.