அப்ரைசல் படிவத்தில் எழுதப்படும் அந்தக் குறை

ஆண்டு அப்ரைசல் படிவத்தில் 'முன்னேற வேண்டியவை' என்று ஒரு கட்டம் இருக்கும். மனிதவளத் துறையில் இருப்பதால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நான் அதிகம் படிப்பது அந்தக் கட்டத்தைத்தான். 'சின்ன விஷயத்துக்கும் தேவைக்கு மேல் மெனக்கெடுகிறார்', 'ஃபாலோ அப் போதாது', 'மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை'. எழுதியிருப்பது பொய்யில்லை. ஆனால் அந்தக் குறையைத் திருத்தப் புறப்படும் மேலாளர், அந்த ஆள் எதற்காக டீமில் வேண்டுமோ அதையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார்.

இதை ஆய்வாகப் பார்த்தவர் மெரடித் பெல்பின் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர். இங்கிலாந்தின் ஹென்லியில் இருந்த நிர்வாகப் பயிற்சிக் கல்லூரியில், மேலாளர்களைக் குழுக்களாகப் பிரித்து வணிகப் போட்டி விளையாட்டு ஆடவிட்டு, யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று 1970களில் பல ஆண்டுகள் அவரும் சகாக்களும் குறித்துக்கொண்டே வந்தார்கள். 1981இல் வந்த அவருடைய புத்தகம் ஒரு குழுவில் ஒவ்வொருவரும் இயல்பாக நடந்துகொள்ளும் விதத்தை வைத்து எட்டு வகைப் பங்குகளைச் சொன்னது. ஒரு துறையை மட்டும் ஆழமாக அறிந்தவர் என்ற ஒன்பதாவது வகை பிறகு சேர்ந்தது. ஒவ்வொரு பங்குக்கும் அதோடு ஒட்டிவரும் ஒரு பலவீனம் உண்டு, அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று அவர் சொன்னதுதான் என் வேலைக்கு அதிகம் உதவியிருக்கிறது.

கோவைப் பக்கம் ஒரு பம்ப் தொழிற்சாலையில் புது மாடல் உருவாக்கிய டீம் ஒன்று. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் வளைவை மாற்றினால் மோட்டார் இழுக்கும் கரண்ட் குறையும் என்று யோசனை சொன்னவர் டிசைன் இன்ஜினியர். டிராயிங்கையும் மாற்றினார். மாற்றியதை யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் மனசிலேயே இல்லை. பர்ச்சேஸ்காரர் வேறு மாதிரி. உலோகத்தை உருக்கி வார்க்கும் எந்த ஃபவுண்டரியில் இந்த வாரம் வேலை குறைவு என்று உட்கார்ந்த இடத்திலிருந்து போனில் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் இரண்டு மாதம் போனால் ஆர்வம் அடுத்த மாடலுக்குத் தாவிவிடும். புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் குரலை உயர்த்துவார், தேதியைத் தள்ளவிட மாட்டார்.

ஃபவுண்டரி வார்த்து அனுப்பிய சாம்பிள் காஸ்டிங் வந்த அன்று குவாலிட்டியில் இருந்த பெண் அதை டிராயிங் பக்கத்தில் வைத்து வெர்னியரோடு உட்கார்ந்தார். அளவெல்லாம் கிட்டத்தட்ட சரி. லாட்டுக்கு ஓகே சொல்லிவிடலாம் என்று மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். அவர் மட்டும் காஸ்டிங்கின் அடிப்பக்கத்தைத் திருப்பி, புடைப்பாக வார்த்திருந்த எண்ணைத் துணியால் துடைத்துப் படித்தார். அது டிராயிங்கின் பழைய ரிவிஷன் எண். புது டிராயிங் ஃபவுண்டரிக்குப் போகவே இல்லை; வார்ப்புக்கு அச்சு எடுக்கும் பேட்டர்ன் பழையபடியே இருந்திருக்கிறது. அன்று விட்டிருந்தால் லாட் முழுவதும் மெஷினிங் வரை போயிருக்கும். அந்த வருஷம் அவருடைய படிவத்தில் இருந்த வரி: 'எந்த வேலையையும் மற்றவரை நம்பி விடுவதில்லை.'

அதே டீமில் ஒரு சீனியர். எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு, "மெக்கானிக்கல் சீலுக்கு ஒரே ஒரு சப்ளையர்தானா?" என்று ஒற்றைக் கேள்வி கேட்டார். அதற்குப் பிறகுதான் இரண்டாவது சப்ளையரைத் தேட ஆரம்பித்தார்கள். மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை என்ற வரி இவருக்கு எழுதியதுதான். டிசைனரும் சூப்பர்வைசரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தபோது இருவரையும் சேர்த்து டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போன மெயின்டனன்ஸ் ஆளும் ஒருவர் உண்டு. அதற்குப் படிவத்தில் கட்டமே கிடையாது.

கெட்டிக்காரர்களாகப் பொறுக்கிச் சேர்த்தால் போதாதா? பெல்பினும் அதைச் செய்து பார்த்தார். அறிவுத்திறன் தேர்வில் முன்னணியில் வந்தவர்களையே ஒன்றாகப் போட்டு 'அப்பல்லோ' குழு என்று பெயர் வைத்தார். அப்படி அமைத்த 25 குழுக்களில் முதலிடம் பிடித்தவை 3. அடுத்தவர் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதிலேயே அவர்களுக்குப் பொழுது போயிற்று. அவசர வேலைகள் அப்படியே கிடந்தன. இதைப் படித்தபோது நான் உட்கார்ந்திருந்த சில மீட்டிங்குகள் ஞாபகம் வந்தன.

நம் அலுவலகங்களில் இன்னொரு சிக்கல். பதவியையும் பங்கையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம். சர்வீஸ் அதிகம் என்பதால் ஒருவர் ஒருங்கிணைப்பாளர் ஆகிறார். எல்லோரையும் பேசவிட்டுக் கேட்கும் பொறுமை அவருக்கு உண்டா என்று யாரும் பார்ப்பதில்லை. டீமில் ஒரு பெண் இருந்தால் மினிட்ஸ் எழுதுவதும், கோபித்துக்கொண்டவரைச் சமாதானப்படுத்துவதும் தானாக அவர் தலையில் விழும். அவருடைய இயல்பு சூப்பர்வைசரைப் போல வேலையை விரட்டி முடிப்பதாக இருக்கலாம். அப்படி அவர் நடந்துகொண்டால் 'அனுசரித்துப் போவதில்லை' என்று எழுதுவோம்.

பொறுத்துக்கொள்வதற்கும் எல்லை உண்டு. சூப்பர்வைசரின் அவசரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அப்ரென்டிஸை எல்லோர் முன்னாலும் கேவலமாகத் திட்டுவதை முடியாது. டிசைனர் மறந்துபோவதைப் பொறுக்கலாம். அடுத்தவர் யோசனையைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டால் பொறுக்கக் கூடாது.

தனக்கு எந்தப் பங்கு என்று கண்டுபிடிக்க பெல்பின் முறையில் ஒரு சுயமதிப்பீட்டுக் கேள்வித்தாள் உண்டு. அதன் முடிவை முத்திரையாகக் குத்திக்கொள்பவர்களையும் பார்க்கிறேன். "நான் ஐடியா ஆள் சார், ரிப்போர்ட் எல்லாம் நமக்கு வராது" என்று வாதாடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று பங்குகள் இயல்பாக வரும். தேவைப்பட்டால் இன்னொன்றையும் கொஞ்ச காலம் தாங்குவார்கள். சுயமதிப்பீட்டுத் தாள் எவ்வளவு நம்பகமானது என்று 1990களிலேயே உளவியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். அதனால் தாளைவிட, கூட வேலை செய்யும் நாலு பேர் சொல்வதையே நான் அதிகம் நம்புகிறேன்.

பம்ப் டீமில் டிசைனரை மாற்ற முயலவில்லை. டிராயிங் வெளியே போகும் வேலை குவாலிட்டி கைக்கு வந்தது, அவ்வளவுதான். படிவத்திலும் குறைக்குப் பக்கத்தில் 'இதை யார் ஈடுகட்டுகிறார்' என்று ஒரு வரி எழுதச் சொல்லி மேலாளர்களை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன், சிலர் எழுதுகிறார்கள்.

மூன்று நான்கு பேர் மட்டுமே உள்ள டீமில் எல்லாப் பங்குக்கும் ஆள் கிடைக்காது. அதிகம் இடறுவது முடித்துக்கொடுக்கும் இடத்தில்தான். டெஸ்பாட்ச்சுக்கு முந்தின இரண்டு மூன்று நாளுக்கு மட்டும், வேறு பிரிவில் இருக்கும் நுணுக்கமான ஒருவரைக் கடன் கேளுங்கள். அவருடைய மேலாளரிடம் மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள். கடைசி நேரத்தில் போய் நின்றால் அனுப்பமாட்டார்.