மெட்டோனிமி: ஆகுபெயர்

மெட்டோனிமி கிரேக்க வழிச் சொல். மெட்டா என்பது மாறுதல். ஒனிமா என்பது பெயர். ஒன்றின் பெயரை அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு வழங்குவதே பொருள். ‘வெள்ளை மாளிகை மறுத்தது’ என்றால் மறுத்தது கட்டடம் அன்று, அங்கிருந்து ஆள்பவர்கள்.

இதற்குப் புதுக் கலைச்சொல் ஆக்கத் தேவையே இல்லை. தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலிலேயே ‘ஆகுபெயர்க் கிளவி’ என்கிறது. நன்னூல் 290ஆம் நூற்பா பொருள், இடம், காலம், சினை (உறுப்பு), குணம், தொழில் ஆகிய ஆறோடு அளவை, சொல், தானி, கருவி, காரியம், கருத்தன் (செய்தவர்) ஆகியவற்றையும் சேர்த்து ‘ஆதி’ (முதலியன) என்று முடிக்கிறது. அளவையை நான்காகப் பிரித்து, ஆதியில் உவமையை அடக்கினால் பாடநூல்கள் சொல்லும் 16 வகை வந்துவிடும்.

வகைப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட வினையைப் பார்ப்பது நல்லது. ‘வெற்றிலை நட்டான்’: நடுவது இலையை அன்று, கொடியை. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகிவந்ததால் சினையாகுபெயர். ‘மல்லிகை சூடினாள்’: சூடுவது கொடியை அன்று, பூவை. முழுமையின் பெயர் உறுப்புக்கு வந்ததால் பொருளாகுபெயர். மேலை அணியியல் சினெக்டகி என்று தனியே பேசுவது இந்த இரண்டையும்தான்.

அதிகம் பேர் தடுமாறுவது தானியில். தானம் என்பது இடம். தானி, அந்த இடத்தில் இருக்கும் பொருள். ‘அடுப்பிலிருந்து பாலை இறக்கு’ என்றால் கையில் பிடிப்பது பாத்திரத்தை. உள்ளிருப்பதன் பெயர் கலத்துக்கு ஆகிறது. ‘உலகம் சிரித்தது’ இதற்கு நேர் எதிர். இடத்தின் பெயர் அங்கு வாழ்வோருக்கு ஆவதால் இடவாகுபெயர். திசையைக் கவனிக்காவிட்டால் இரண்டும் மாறிப்போகும்.

மெட்டோனிமி, ஆகுபெயர் என்ற இரு சொற்களின் எல்லை ஓரிடத்தில் ஒத்துப்போவதில்லை. ‘பாவை வந்தாள்’ நமக்கு உவமையாகுபெயர். ஆங்கில மாணவருக்கு அது மெட்டஃபர் (உருவகம்). காரணம், மெட்டோனிமி நிற்பது தொடர்பின் மேல், மெட்டஃபர் நிற்பது ஒப்புமையின் மேல். ‘போல’ சேர்த்துப் பாருங்கள். ‘பாவை போன்றவள் வந்தாள்’ பொருந்துகிறது. ‘வெற்றிலை போன்றதை நட்டான்’ பொருளைக் கெடுக்கிறது. ஆகவே மொழிபெயர்க்கும்போது மெட்டோனிமிக்கு ஆகுபெயர் என்றே எழுதலாம். உவமையாகுபெயரை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அன்மொழித்தொகையோடும் குழம்பவேண்டாம். ‘பொற்றொடி வந்தாள்’ என்பதில் பொன், தொடி என இரு சொல் தொக்கு நின்று, அவற்றுக்கு வெளியே உள்ள பெண்ணைக் குறிக்கின்றன. ஆகுபெயர் பெரும்பாலும் ஒற்றைச் சொல். ‘பெரும்பாலும்’ என்பதற்குக் காரணம் உண்டு: இரு பெயர்கள் ஒட்டி நிற்கும் இருபெயரொட்டையும் தொல்காப்பியர் ஆகுபெயருக்குள் வைத்தார். அங்கே எது ஆகுபெயர், எது அன்மொழித்தொகை என்பதில் உரையாசிரியர்களே ஒத்துப்போகவில்லை.