குளிர்ந்த நாள்தான் கெல்ப் காட்டுக்குச் சாப்பாட்டு நாள்

கெல்ப் என்பது கடலுக்குள் மரம் மாதிரி உயர்ந்து வளரும் பெரிய கடற்பாசி. கெல்ப் காட்டுக்குள் முக்குளிக்கப் போகிறவர்கள் ஆசைப்படும் நாள் ஒன்று உண்டு. காற்று அடங்கி, வெயில் அடித்து, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து கிடக்கும் நாள். படமெடுக்க அதைவிட நல்ல நாள் அமையாது. ஆனால் அப்படிப்பட்ட நாட்கள் வாரக்கணக்கில் நீண்டால் எனக்குக் கவலை வந்துவிடும். அந்தத் தெளிந்த தண்ணீரில் கெல்ப் பட்டினி கிடக்கிறது.

கலிபோர்னியாவில் வசந்தகாலம் வந்தால் கரையை ஒட்டி வடமேற்கிலிருந்து காற்று பலமாக வீசும். பூமி சுழல்வதால், காற்று தள்ளும் மேல்மட்டத் தண்ணீர் வலப்பக்கம் ஒதுங்கிக் கரையை விட்டு விலகுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலேறி வருகிறது. இதைத்தான் அப்வெல்லிங் என்கிறோம். பெரு, சிலி, தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரை எல்லாவற்றிலும் இதே கதைதான். தெற்கு அரைக்கோளம் என்பதால் அங்கே தண்ணீர் இடப்பக்கம் ஒதுங்கும்.

அந்தக் குளிரோடு உரமும் வருகிறது. மேலே செத்து விழுந்த உயிர்கள் ஆழத்து இருட்டில் சிதைந்து நைட்ரேட்டாகச் சேர்ந்திருக்கும். ராட்சதக் கெல்ப் நல்ல காலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர்கூட வளரும். இந்த வேகத்தில் வளர்வதற்குக் கையிருப்பு மட்டும் கம்மி. உள்ளே சேர்த்துவைத்த நைட்ரஜன் சில வாரங்கள்தான் தாங்கும். தெற்குக் கலிபோர்னியாவில் தண்ணீர் 16 டிகிரியைத் தாண்டிவிட்டால் நைட்ரேட் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் தண்ணீருக்குள் இறங்கியதும் நான் முதலில் பார்ப்பது மீனை அல்ல, வெப்பமானியை.

அப்புறம் இலையைப் பார்ப்பேன். நன்றாக இருக்கும் இலை கரும்பழுப்பாக, பதமான தோல் மாதிரி வழுவழுப்பாக இருக்கும். பட்டினி கிடக்கும் இலை வெளிர்மஞ்சளாகி, லேசாக இழுத்தாலே கிழிந்துவிடும். அதன் மேல் வெள்ளை வலைப்பின்னல் போலப் பாசி விலங்குகள் (bryozoans) என்ற நுண்ணிய உயிர்கள் படர்ந்திருக்கும். முதலில் வாடுவது உச்சிதான். கீழே குளிர்நீர் எட்டும் இடத்தில் அதே செடி பழுப்பாகவே நிற்கும். இந்தக் கட்டத்தில் கவனித்தால்தான் பயன். காடு காணாமல் போன பிறகு சொல்வதில் ஒன்றுமில்லை.

சரி, காற்று ஓயாமல் வீசினால் நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் கடல்முள்ளி, பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசு, பாறைமீன் இவற்றின் குஞ்சுகள் மேல்நீரில் மிதக்கும் பருவத்தில் பலத்த காற்று அவற்றையும் சேர்த்து வெளிக்கடலுக்குக் கொண்டுபோய்விடும். காற்று கொஞ்சம் ஓய்ந்தால்தான் பலவும் கரைக்குத் திரும்பும். ஆழத்து நீரில் ஆக்சிஜனும் குறைவு, அமிலத்தன்மையும் அதிகம். மீன் நகர்ந்து தப்பிக்கும். பாறையைப் பற்றியிருக்கும் அபலோன் என்ற கடல்நத்தை எங்கே போகும்? வீசுவதும் ஓய்வதும் மாறிமாறி வருவதுதான் இந்தக் காட்டுக்கு ஏற்ற தாளம்.

அந்தத் தாளம் தப்பினால் என்ன ஆகும் என்பதை வடக்குக் கலிபோர்னியா காட்டியது. 2013-இல் தொடங்கிய நோய், முள்ளிகளைத் தின்னும் சூரியகாந்தி நட்சத்திரமீனை அழித்தது. 2014 முதல் 2016 வரை கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறிக் கிடந்தது. அங்குள்ள புல் கெல்ப் (bull kelp) ஒரே ஆண்டு வாழ்கிற இனம், ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாக முளைத்தாக வேண்டும். உதிர்ந்த இலைக்காகப் பாறை இடுக்கில் காத்திருந்த ஊதா முள்ளிகள் இரை வராததால் வெளியே வந்து முளைகளையே மேய்ந்தன. 90 சதவீதத்துக்கும் மேல் காடு போனது. தின்ன எதுவும் கிடைக்காமல் அபலோன்கள் செத்தன. 2018-இல் அங்கே அபலோன் பிடிப்பையே மூடினார்கள்.

குளிர்நீர் பிறகு திரும்பி வந்தது. பல இடங்களில் கெல்ப் வரவில்லை. அங்கே ஒரு முள்ளியை உடைத்துப் பார்த்தால் உள்ளே சதைப்பற்று இருக்காது, வெறும் கூடு. ஆனால் அது பட்டினியிலேயே பல வருடம் உயிரோடு கிடக்கும். ஒரு முளை தலைகாட்டினால் போதும், ஊர்ந்து வந்துவிடும்.