கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு நீச்சல்குளம் வெட்டுங்கள்

கோவளத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு தோட்ட வீடு. நவம்பரில் நாலு நாள் அடைமழை ஓய்ந்த மறுநாள் காலை அந்த வீட்டுக்காரர் போன் செய்தார். "சார், ஸ்விம்மிங் பூல் மேல வந்துடுச்சு. கொஞ்சம் வந்து பாருங்க." தண்ணீர் நிரம்பி வழிகிறது போல என்று நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால், தொட்டியே ஒரு பக்கமாக அரை அடி எழும்பி நிற்கிறது. சுற்றிப் பதித்த கற்கள் பெயர்ந்து, குழாய்கள் முறிந்து கிடந்தன. மழையில் சேறு விழுந்துவிட்டதென்று முந்தின நாள்தான் மோட்டார் போட்டு மொத்தத் தண்ணீரையும் இறைத்திருக்கிறார்கள்.

கான்கிரீட் தொட்டி மிதக்குமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் ஆழம், தரையும் சுவரும் 20 செ.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். வெறும் தொட்டியின் எடை ஏறக்குறைய 36 டன். நிலத்தடி நீர் தரைக்கு ஓரடி கீழ்வரை ஏறிவிட்டால், அது தொட்டியை மேலே தள்ளும் விசை சுமார் 48 டன். உள்ளே 45 டன் தண்ணீர் இருக்கும்வரை தொட்டி அசையாது. அதை இறைத்தால் படகு மாதிரி கிளம்பிவிடும்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. அதே தோட்டத்தில், இருபதடி தள்ளி ஓர் உறைகிணறு இருந்தது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் என்னிடம் சொன்னார்: "ஐப்பசி கார்த்திகையில இதுல கயிறே வேணாம் சார். குனிஞ்சு மொண்டுக்கலாம்." குளம் வெட்டியபோது யாரும் அவரைக் கேட்கவில்லை. வெட்டியது மே மாதம். அப்போது குழி காய்ந்து கிடந்திருக்கும்.

அதனால் என்னிடம் யாராவது போனில் படம் காட்டி "இப்படி ஒண்ணு வேணும்" என்றால், முதலில் அவர்கள் வீட்டுக் கிணற்றைத்தான் பார்க்கப் போவேன். கிணறு இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கிணறு. மழைக்கால நீர்மட்டம் எது என்று தெரியாமல் ஆழத்தை முடிவு செய்யக்கூடாது. நீர்மட்டம் மேலே வரும் மணற்பாங்கான இடங்களில் குளத்தைப் பாதி தரைக்கு மேலே தூக்கிவிடச் சொல்கிறேன். தோண்டிய மணலையே சுற்றிலும் சரிவாக அணைத்துப் புல் பிடிக்க வைத்தால், ஏதோ அங்கேயே இருந்த மேடு போலத் தெரியும். மழையில் தோட்டத்துச் சேறு உள்ளே ஓடிவராது. தொட்டிக்கு அடியில் ஜல்லிப் படுகையும், ஆழமான இடத்தில், அடியில் நிலத்தடி நீரின் அழுத்தம் ஏறினால் தானே திறந்து அதைக் குளத்துக்குள் விடும் பிரஷர் ரிலீஃப் வால்வும் கட்டாயம் வேண்டும். செலவைக் குறைக்கிறேன் என்று இதில் கை வைக்காதீர்கள். தோண்டும் வேலையை மாசி பங்குனியில் தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் தண்ணீர் நிரப்பி முடித்துவிடுங்கள்.

கரிசல் பூமியில் சிக்கல் வேறு மாதிரி. மழையில் மண் உப்பிச் சுவரை நெருக்கும், கோடையில் சுருங்கி விலகும். அங்கே தொட்டியைச் சுற்றிக் கரிசலை எடுத்துவிட்டுக் கிராவல் மண் நிரப்பாமல் வேலை தொடங்கக்கூடாது.

காற்றையும் பார்க்க வேண்டும். கடலோரத்தில் மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும், மிதக்கும் இலை தழைகளை மேற்குக் கரைக்குத் தள்ளும். மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் ஸ்கிம்மரை அந்தப் பக்கம் வைத்தால் பாதி வேலையைக் காற்றே செய்துவிடும். வேப்ப மரத்தடியில் குளம் வேண்டாம். இலையுதிரும்போது ஒரு தொல்லை, பூ உதிரும்போது இன்னொரு தொல்லை. அதற்காக மரத்தை வெட்டலாமா என்று கேட்பவர்களிடம், குளத்தை நகர்த்தலாம் என்பேன். நிழலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு புன்னை வையுங்கள், உப்புக் காற்றைத் தாங்கும். கரையில் கருப்புக் கடப்பா போடாதீர்கள். சித்திரை வெயிலில் குழந்தைகளின் பாதம் வெந்துவிடும். வெளிர் நிறத்தில், சொரசொரப்பாகக் கொத்திய கருங்கல் போதும்.

குழந்தைகள் என்றதும் ஒன்று. காட்சி கெடும் என்று வேலியை மறுப்பவர்களுக்கு நான் வரைபடம் போட்டுக் கொடுப்பதில்லை. குறைந்தது 4 அடி உயரம், ஏற முடியாத செங்குத்துக் கம்பிகள், தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவு. இது இல்லாமல் வீட்டில் குளம் கூடாது.

கோவளத்து வீட்டில் பழைய தொட்டியை உடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டினோம். ஆழத்தைக் குறைத்து, இரண்டரை அடி தரைக்கு மேலே தூக்கி, கிணற்றுப் பக்கமாகப் புல்சரிவு. இப்போது குளத்தை இறைக்க வேண்டுமென்றால், முதலில் அந்தப் பெரியவர் கிணற்றை எட்டிப் பார்க்கிறார். அவர் சரி என்ற பிறகுதான் மோட்டார் ஓடும்.