இரண்டாம் முறை பார்க்கும்போது கண் என்ன செய்கிறது?

பிடித்த நடிகரின் படத்தை நாலு தடவை பார்ப்பது மதுரையில் சாதாரணம். கதை பிடிபடாத ஒரு சோதனைப் படத்தை மறுபடி திரையிடுகிறோம் என்றால் மட்டும், "போன மாசந்தான பாத்தோம்?" என்பார்கள். அன்றைக்குப் பார்த்தது கொஞ்சம்தான்.

கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம், ஏறக்குறைய 2 டிகிரி. ஒரு நேரத்தில் அவ்வளவுதான் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும், மீதித் திரை மங்கல். அதனால் கண் வினாடிக்கு 3 முறை போலத் தாவிக்கொண்டே இருக்கிறது. எங்கே தாவுவது என்பதில், அடுத்து என்ன வரும் என்ற மூளையின் ஊகத்துக்குப் பெரிய பங்குண்டு. முதல் முறை பார்க்கும்போது கவனமெல்லாம் அந்த ஊகத்துக்கே செலவாகிவிடும்.

மாயா டெரனும் அலெக்சாண்டர் ஹமீதும் 1943-இல் எடுத்த 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' சுமார் 14 நிமிடம்தான். சாவி, கத்தி, பூ, மாடிப்படி எல்லாம் திரும்பத் திரும்ப வரும். முதலில் நம் கண் அந்தப் பெண்ணையும், முகத்துக்குப் பதில் கண்ணாடி வைத்த கறுப்பு உருவத்தையும் துரத்தும். அடுத்த முறை யார் எவர் என்று தேடுகிற வேலை இல்லை. சாவி கத்தியாகும் இடத்தில் ஒரு ஷாட்டை நிறுத்தி அடுத்ததை ஒட்டிய வெட்டு எங்கே விழுகிறது, படியேறும்போது கேமரா எந்தப் பக்கம் சாய்கிறது என்று நிதானமாகப் பார்க்கலாம்.

சரி, சும்மா திரும்பப் போட்டால் போதுமா? எதற்கு அடுத்துப் போடுகிறோம் என்பதும் முக்கியம். நூறு ஆண்டுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர், ஒரே முகத்தை சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் ஒன்றில் பசியும் இன்னொன்றில் துக்கமும் கண்டார்களாம். ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும்போதும் இப்படித்தான், முந்தைய படத்தின் சாயல் இதிலும் ஒட்டிக்கொள்ளும்.

இதில் உடம்புக்கும் பங்குண்டு. மாசி வீதி வெயிலிலிருந்து மதியக் காட்சிக்குள் நுழைகிறவரின் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நிழலும் இருளுமான படத்தை முதலில் போட்டு வீணடிக்கும் அமைப்பாளர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. வெளிச்சமான படத்தில் தொடங்கி, மங்கலானதை நடுவில் வைக்கலாம். பீட்டர் குபெல்கா 1960-இல் முழுக் கறுப்பும் முழு வெள்ளையுமான வெற்று ஃபிரேம்களால் மட்டுமே செய்த 'அர்னுல்ஃப் ரைனர்' கடைசியில்தான் வர வேண்டும். அது விட்டுவிட்டு மின்னிக் கண்ணைக் கூசவைக்கும் படம். அப்புறம், வலிப்பு நோய் உள்ளவர்களிடம் அதற்கு முன்பே சொல்லி, வெளியே போக நேரம் கொடுத்துவிடுங்கள்.